போடாத பொத்தானும் ஒரு பொன்னாடையும்

பிரியா என்னிடம் பயிற்சி எடுத்த பெண். மும்பை முலுண்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இப்போது எங்கள் பிசியோதெரபி மாநாட்டுக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். சில வாரங்களுக்கு முன்னால் ஃபோன் செய்தாள்.

"மேடம், இந்த வருஷம் இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ் நம்ம மும்பையிலதான். க்ரிட்டிகல் திங்கிங்னு ஒரு ஸ்பெஷல் செஷன் வச்சிருக்கோம். யார் சொன்னாலும் அப்படியே ஒத்துக்காம எப்படிக் கேள்வி கேக்கறதுன்னு நீங்கதான் பேசணும். கொஞ்ச நேரம் பேசினா போதும்."

"பேசி முடிச்சதும் கேள்வி கேப்பாங்களா?"

"அரே, அதெல்லாம் செட் பண்ணியாச்சு மேடம். ரெண்டு பேர் எழுந்து கேப்பாங்க. என்ன கேக்கணும்னு அவங்களுக்குச் சொல்லிட்டோம். உங்களுக்கும் வாட்ஸப்ல அனுப்பிடறேன். டென்ஷனே வேணாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய குருடி, கதவைத் திறடி என்று ஆகிவிட்டதே என்றுதான். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கிற கூட்டத்துக்கும் கேள்வியை முதல் நாளே பேசி வைத்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே சரி என்றேன். ஏற்பாடு செய்த கேள்வி மட்டும் வேண்டாம், யாருக்கு என்ன தோன்றுகிறதோ அதைக் கேட்கட்டும் என்றேன். அவள் அரை மனதோடு சம்மதித்து, "கொஞ்சம் பாசிட்டிவா முடிச்சிருங்க மேடம்" என்று சொல்லி வைத்தாள்.

பாசிட்டிவாக முடிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் எஸ்தர். அதே மும்பையில் சுனாபட்டியில் இருக்கிறேன், போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். பிறந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரியில் ஒரு வேலை என்பதுதான் எங்கள் சர்ச் வட்டாரத்தில் பெண் பிள்ளைகளுக்கு அன்று தெரிந்த ஒரே உயரம். எல்லாரும் நர்சிங் போனார்கள், எனக்கு மதிப்பெண் இடித்ததால் பிசியோதெரபி கிடைத்தது. படிப்பு முடிந்து முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் சந்தில் என்னைக் 'கரண்ட் வைக்கிற டாக்டர்' என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பிறகு விட்டுவிட்டேன்.

என் துறைத் தலைவர் ராமநாதன் சார். மாட்டுங்காக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்த தொழில் அவர் கையிலிருந்து வந்தது. அவரை வெறும் வில்லனாக ஆக்கிவிட்டால் நான் சொல்லவருவது பொய்யாகிவிடும்.

நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் சூடு வரும்வரை தேய்த்துக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் தசை சுருங்கும், அப்புறம் நீ தொட்டுப் பார்ப்பது நோயை அல்ல, உன் குளிரை என்பார். ரப்பர் சுத்தியலை அவர் பிடிக்கிற லாகவமே தனி. மணிக்கட்டைத் தளர விட்டு, அது தானாக விழுவதைப் போல முழங்காலுக்குக் கீழே தட்டுவார். நடு விரலின் நகத்தைச் சுண்டிவிட்டுக் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். நகத்தைச் சுண்டும்போது கட்டை விரல் தானாகத் துள்ளி மடங்கினால், கழுத்துக்குள்ளே தண்டுவடம் எங்கோ நெருக்கப்படுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்ட கழுத்தை யாரும் வெடுக்கென்று திருப்பக் கூடாது. இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். "நோயாளிட்ட 'இப்போ தேவலையா'ன்னு கேக்காதே எஸ்தர். நம்ம ஜனங்க இல்லேன்னு சொல்லவே மாட்டா. டாக்டர் மனசு கஷ்டப்படுமேன்னு தேவலைன்னுடுவா. கேக்காதே, வேலையக் குடுத்துப் பாரு. சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லு. நாணயத்தைப் பொறுக்கச் சொல்லு. வாய் மரியாதை பாக்கும், விரல் பாக்காது."

இத்தனை நுட்பமான மனிதர் மாநாடு என்று வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். வெளிநாட்டு விருந்தாளி ஹோட்டலில் இறங்கியதும் அவருடைய குரல் மெலிந்துவிடும். யார் கேள்வி கேட்பது, எதைக் கேட்பது என்பதெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே முடிவாகிவிடும். என் முதல் மாநாட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட கேள்வி, 'உங்களுடைய இந்த அருமையான முறையை இந்தியா முழுவதும் கொண்டுசெல்ல எங்களுக்கு என்ன அறிவுரை சொல்வீர்கள்?' என்பது. நானும் மைக்கைப் பிடித்துக் கேட்டேன். அந்த முறையால் ஒருவருக்காவது குணமானதா என்று கேட்கலாம் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவே இல்லை. கேட்டிருந்தாலும் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சாப்பாட்டுக் கணக்குக் கேட்டதைப் போலத்தான் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

மைதீன் பாய் என்னிடம் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அப்போது நான் துறையில் சீனியர் ஆகிவிட்டேன். தாராவியில் தோல் பெல்ட்டும் கைப்பையும் தைக்கிற சின்னப் பட்டறை அவருக்கு. அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். எங்கள் அப்பாவைத் தெரியும் என்பதால் என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார்.

"கழுத்துதாம்மா வலி. அது கெடக்கட்டும். கத்திரிக்கோல் கையில நிக்க மாட்டேங்கு. ஊசியப் புடிச்சா நழுவுது. ரெண்டு காலும் பஞ்சு மேல வைக்கிற மாதிரி இருக்கு. இந்தக் கையி போச்சுன்னா பட்டறையில எட்டுப் பத்துப் பயலுவ சோறு போச்சு."

உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டேன். சுத்தியலை வைத்ததும் முழங்கால் எகிறியது. நகத்தைச் சுண்டினேன். கட்டை விரல் துள்ளியது. இன்னொரு கையிலும் துள்ளியது. கரண்டும் வேண்டாம், கழுத்து இழுவையும் வேண்டாம், முதலில் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், நரம்பு சர்ஜன் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். எம்ஆர்ஐக்குக் கிடைத்த தேதி மாதக்கணக்கில் தள்ளியிருந்தது. முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் அப்படித்தான்.

அந்த இடைவெளியில்தான் மாநாடு வந்தது. அந்த வருஷ விருந்தாளி கழுத்து வலிக்குப் பேர் போனவர். கையாலேயே கழுத்தைச் சொடுக்கிச் சரியாக்குகிறவர், பல நாடுகளில் பாடம் எடுக்கிறவர். மேடையிலேயே ஒரு நோயாளிக்குச் செய்து காட்டுவார், அதற்கு இறுக்கமான கழுத்தோடு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சார் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து வரிசையை ஒரு பார்வை பார்த்தார். மைதீன் பாய் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். சார் நேராக அவரிடமே போய்க் கேட்டுவிட்டார். பெரிய டாக்டர் தன்னிடம் வந்து கேட்டாரே என்று பாயும் தலையாட்டிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் சாருடைய அறைக்குப் போனேன்.

"சார், அவருக்குக் கட்டை விரல் துள்ளுது. ரெண்டு பக்கமும். எம்ஆர்ஐ இன்னும் வரல. அந்தக் கழுத்த யாரும் திருப்பக் கூடாது."

சார் கைக்குட்டையை நான்காக மடித்து மேஜையில் வைத்தார். "எனக்குத் தெரியாதாம்மா? அவர்ட்ட நான் சொல்லிடறேன். அவரும் பரிசோதனை பண்ணாமலா கையை வைப்பார்? எத்தனை வருஷ அனுபவம்! மெதுவா ஏதாவது பண்ணிக் காட்டுவார்."

"வேற ஆளப் போடலாமே சார்?"

"சொல்லிடறேன்னு சொன்னேனோன்னோ?"

நான் அதோடு விடவில்லை. பாயிடமும் போய், மேடைக்குப் போக வேண்டாம் அண்ணே என்றேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். "வெள்ளக்கார டாக்டரு தொட்டுப் பாக்காராம்மா. காசு குடுத்தாலும் கெடைக்குமா? ஒங்க பெரிய டாக்டரு வாய் தொறந்து கேட்டுட்டாரு. மாட்டேன்னா மரியாதையா இருக்குமா?" என்றார். புதுச் சட்டை எடுத்துவிட்டதாக அவருடைய மனைவி ஜமீலா அக்கா சொன்னார்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய ஹோட்டல். ஏசி குளிரில் அரங்கம் நிறைந்திருந்தது, மேடையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சார்தான் அந்த அமர்வுக்குத் தலைவர். பாயின் புதுச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பனியனோடு மேடைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். விருந்தாளி சிரித்த முகம். கோணம் அளக்கிற கருவியைப் பாயின் தலை மேல் வைத்து, கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பெரிய திரையில் காட்டினார். சுத்தியலை எடுக்கவில்லை. நகத்தைச் சுண்டவில்லை. பாயை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை இரண்டு கையாலும் ஏந்தினார்.

சார் சொல்லவே இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது.

எழுந்து பக்கத்திலிருந்த மைக்குக்குப் போனேன். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கேள்வி நேரம் வந்தால்தான் உயிர் கொடுப்பார்கள். தொண்டையைத் திறந்து ஆங்கிலத்தில் கத்தினேன். இவருக்குத் தண்டுவடம் அழுந்தியிருக்கிறது என்ற சந்தேகம் இருக்கிறது, கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்றேன். சார் தன்னுடைய மைக்கில், "கேள்விகளெல்லாம் கடைசியில், ப்ளீஸ்" என்றார். விருந்தாளி நிமிர்ந்து என்னைப் பார்த்து, மும்பையில் உற்சாகத்துக்குக் குறைவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அரங்கமும் சிரித்தது. நான் மேடைப் படிக்கு ஓடினேன். படியில் கால் வைக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. விருந்தாளியின் சட்டைக் காலரில் மைக் இருந்ததால், சொடுக்குகிற அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

பாயை உட்கார வைத்து மறுபடியும் அளந்தார். கழுத்து முன்னைவிட நன்றாகத் திரும்பியது. திரையில் இரண்டு கோணமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அரங்கம் கை தட்டியது. இப்போது எப்படி இருக்கிறது என்று விருந்தாளி கேட்க, பாய் அந்த வெளிச்சத்தையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, "பெட்டர் சார்" என்றார். மறுபடியும் கைதட்டல். பலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

நான் பாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மேல் பொத்தானைப் பிடித்தார். விரல் பொத்தானைத் தேடியது. பிடித்தது, நழுவியது. மறுபடியும் தேடியது. அதற்குள் ஒரு பெண் தாம்பாளத்தோடு வந்தாள். நோயாளியையும் கௌரவிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சார் பொன்னாடையை விரித்து, திறந்து கிடந்த சட்டைக்கு மேலாகவே பாயின் தோளில் போர்த்தினார். பூங்கொத்தைக் கையில் கொடுத்தார்கள். அது கீழே விழுந்தது. பாவம், மேடைக் கூச்சம் என்று எல்லாரும் சிரித்தார்கள். பாயும் கூடச் சிரித்தார்.

மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். "அண்ணே, பொத்தானப் போடுங்க பாப்போம்." போட முடியவில்லை. சாரை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

"புதுச் சட்டைம்மா. காஜா டைட்டா இருக்கும்" என்றார் சார்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாய். அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டாக்சியில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். சயான் தாண்டும்போது, "தங்கச்சி, காலு எங்க இருக்குன்னே தெரியலியே" என்றார். இறங்கும்போது அவரால் நிற்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட எம்ஆர்ஐயை அன்றைக்கே எடுத்தார்கள். ஆபரேஷனும் நடந்தது. உயிர் தப்பினார். கை கொஞ்சம் அசைந்தது. அதற்குப் பிறகு அவர் தன் காலில் நிற்கவே இல்லை.

சர்ஜன் யோக்கியமான மனிதர். நான் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார். தண்டுவடம் ஏற்கெனவே மோசமாக நெருக்கப்பட்டுக் கிடந்தது, ஒரு நாள் இப்படி ஆகியிருக்கக்கூடும். அன்று மேடையில் நடந்ததால்தான் ஆனதா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கழுத்தைத் திருப்பியிருக்கக் கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

சார் இதன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுக்கப்புறம் இன்னொண்ணு நடந்தா, அதனாலதான் நடந்ததுன்னு அர்த்தமா? யோசிச்சுப் பாரு எஸ்தர். ஆதாரம் எங்க இருக்கு? நாம சயின்ஸ் படிச்சவா. உணர்ச்சிவசப்படக் கூடாது."

"சார், அவர் பெட்டர்னு சொன்னப்போ மேடையில கை தட்டினீங்களே. கழுத்தத் திருப்பினதுக்கு அப்புறம் நல்லாச்சு, அதனாலதான் நல்லாச்சுன்னு ஒத்துக்கிட்டீங்களே. அப்போ இந்த யோசன எங்க சார் போச்சு?"

சார் மடித்த கைக்குட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்டேன். "டின்னர்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். அவர் பேசிண்டே இருந்தார். சாப்பிடறச்ச நடுவுல எப்படிச் சொல்றது?" என்றார். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அது முடியாத காரியமாக இருந்திருக்கிறது. கோபத்தைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எங்கள் துறையில் சந்தேகப்படுகிற புத்தி அதுவரை தூங்கிக்கொண்டிருந்தது என்று நினைத்திருந்தேன். அது நன்றாகவே விழித்துத்தான் இருந்திருக்கிறது. எங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நாளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் தாராவிக்குப் போய்விடுவேன். பட்டறைக்கு மேலே பரணைப் போல ஒரே அறை. பாயைப் புரட்டிப் படுக்க வைப்பது, கை கால்களை மடக்கி நீட்டுவது, படுக்கைப் புண் வராமல் முதுகைத் துடைப்பது எப்படி என்று ஜமீலா அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தேன். கீழே தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். மச்சினன் பட்டறையை எடுத்துக்கொண்டார். வந்த வேலையில் பாதி போய்விட்டது, பழைய ஆட்களும் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். "எப்பிடி இருக்கீங்கண்ணே?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். "நல்லாருக்கேம்மா." கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்பேன். வேறு என்ன பேசுவது?

அடுத்த வருஷம் சிங்கப்பூரில் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசிக்க எனக்கு இடம் கிடைத்தது. அங்கே அதே விருந்தாளி பேசினார். பேச்சின் நடுவில் விளக்கு மங்கியது, திரையில் மைதீன் பாய் வந்தார். பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கோணம் அளக்கிறார்கள். சொடுக்குச் சத்தம். மறுபடி அளவு. "பெட்டர் சார்." படம் அங்கே நின்றது. பொத்தானும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. கைதட்டல் எழுந்தது. முகம் தெரியாத அத்தனை நாட்டுக்காரர்களும் எங்கள் பாய்க்காகக் கை தட்டினார்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் முதுகு துடைத்துவிட்ட மனிதருக்கு.

இந்தத் தடவை மைக் உயிரோடு இருந்தது. "இந்த நோயாளி இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நன்றாக இருக்கிறார். உங்கள் ஊர்த் துறைத் தலைவரே எனக்குச் சொன்னார்."

பாய் அவரிடம் பெட்டர் என்றார். சார் அவரிடம் நன்றாக இருக்கிறார் என்றார். அவர் அதை உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாருமே ஏமாற்ற நினைத்துப் பொய் சொல்லவில்லை, எல்லாருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

"அவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். அந்தப் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். அவர் பொத்தான் போட முடியாமல் நிற்பது தெரியும்" என்றேன். விருந்தாளியின் முகம் வெளுத்தது. பாய் படுக்கையில் விழுந்தது அவருக்கு உண்மையாகவே தெரியாது என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அமர்வுத் தலைவர் குறுக்கிட்டு, நேரம் ஆகிவிட்டது, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.

தேநீர் வரிசையில் வேடிக்கை பார்க்க வேண்டுமே! ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, நல்ல கேள்வி என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றார்கள். என் நோயாளி ஒருவருக்கும் இப்படி ஆனது என்று ஒருவர் சொன்னார். அரங்கத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். கோப்பையைக் கலக்கிக்கொண்டே நகர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் படம் எங்காவது காட்டப்பட்டதா என்று எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் என்னை முலுண்ட் பக்கம் ஒரு சின்ன மையத்துக்கு மாற்றினார்கள். வெளிநாட்டு மாநாடு எதற்கும் அதன் பிறகு என் பெயர் போகவில்லை. போகட்டும், அதற்காக நான் அழவில்லை. மாற்றல் உத்தரவை வாங்கப் போனபோது சாரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "நல்லாருக்கார்னு சொன்னீங்களாமே சார். ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் தாராவிக்கு வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். நான்தான் மேலே கூட்டிப்போனேன். செங்குத்தான இரும்பு ஏணியில் தடுமாறித் தடுமாறி ஏறினார். பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தேய்த்தார். சூடு வந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாயின் நடு விரலை எடுத்து நகத்தைச் சுண்டினார். கட்டை விரல் துள்ளியது.

"வந்தீங்களே சார், அதே சந்தோசம். நான் நல்லாருக்கேன்" என்றார் பாய்.

சார் தலையைக் குனிந்துகொண்டார். ஜமீலா அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, கையைக் கழுவினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த வருஷமே ஓய்வு பெற்றார். மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாய் சில வருஷம் இருந்தார். கடைசியில் சிறுநீரில் கிருமி ஏறி, காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஒரு மழை நாளில் நான் அவருடைய கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கீழே மெஷின் சத்தம் இல்லை, கரண்ட் போயிருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"அன்னைக்கு மேடையில வச்சே நல்லா இல்லம்மா. சொடுக்குன்னு சத்தம் கேட்டுதுல்லா, அப்பவே ரெண்டு கையும் மரத்துப் போச்சு. நெருப்பு இறங்குன மாதிரி முதுகுல இறங்குச்சு."

"அப்போ ஏன் பெட்டர்னு சொன்னீங்க?"

"அத்தன பேரு கை தட்டுதாவ. அவரு அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காரு, சிரிச்ச மொகமா கேக்காரு. ஒங்க பெரிய டாக்டரு பக்கத்துல நிக்காரு. எப்பிடிம்மா சொல்ல?"

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு அது தெரிந்ததா என்று தெரியாது, கையில்தான் உணர்ச்சி இல்லையே. "அழாத. நீ ஒருத்திதான் கத்துன. எனக்குக் கேட்டுது" என்றார். அந்த மழைக்காலம் முடியுமுன்னே அவர் மவுத்தாகிவிட்டார்.

இதையெல்லாம்தான் பிரியாவின் மாநாட்டில் சொன்னேன். பெயர்களை மட்டும் சொல்லவில்லை. சர்ஜன் சொன்னதையும் மறைக்கவில்லை, முழுதாகச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். யாராவது எழுந்து, 'மேடம், அந்தச் சொடுக்கினால்தான் அவருக்கு அப்படி ஆனது என்று நீங்களும் எப்படி இவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள்? அவர் படுக்கையில் சொன்னதை மட்டும் எப்படி அப்படியே எடுத்துக்கொண்டீர்கள்?' என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. அந்தக் கேள்வி ஒன்று வந்திருந்தால் பாய்க்காக நான் பேசியதற்கு அர்த்தம் இருந்திருக்கும்.

"கேள்வி இருக்கா?" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. முன் வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற தொண்டர் பெண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அமர்வுத் தலைவர் எழுந்து, மனதைத் தொட்ட உரை, மிகவும் ஊக்கமளித்தது என்றார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நின்ற இடத்திலேயே என் தோளில் பொன்னாடை விழுந்தது.

பிரியா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வேர்வை. மாதக்கணக்காக ராப்பகல் பார்க்காமல் உழைத்திருக்கிறாள்.

"எப்படி இருந்துச்சு மேடம் செஷன்?"

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருந்துச்சும்மா" என்றேன்.

செம்பூர் வழியாக ஆட்டோவில் வரும்போதுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் காபிகூடக் குடிக்காமல் அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"பிரியா, நேத்து கேட்டியே, செஷன் எப்படி இருந்துச்சுன்னு."

"ஹான், சொல்லுங்க மேடம்."

"நல்லா இல்லம்மா."

லோக்கல் ரயிலில் இருந்தாள் போல, அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்கிற குரல் மட்டும் கேட்டது.

பிறகு, "ஏன் மேடம்?" என்று கேட்டாள்.